சொல்லாமல் விட்டால் பொய்யா?

உங்களிடம் ஒரு கேள்வி. உடனே பதில் சொல்ல வேண்டாம். படித்து முடித்துவிட்டு, ராத்திரி தூங்கப் போகும்போது உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டால் போதும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு டீசல் எஸ்.யூ.வி. வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆசை ஆசையாக வாங்கிய வண்டி. எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டு, குடும்பத்தோடு போட்டோ எல்லாம் எடுத்தீர்கள். இப்போது வாரண்டி முடிந்துவிட்டது. விற்றுவிடலாம் என்று முடிவு. ஞாயிற்றுக்கிழமை ஒரு பார்ட்டி பார்க்க வருவதாக புரோக்கர் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை, டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிகிறது. மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார்.

"சைலன்ஸர் ஃபில்டர் அடைச்சிருக்கு சார். சுத்தம் பண்ணிப் பார்க்கலாம். சரிப்படலைன்னா மாத்தணும். லட்ச ரூபாய் பக்கத்துல போய் நிக்கும்."

"விக்கப்போற வண்டிப்பா இது..."

"அப்புறம் எதுக்கு சார் தண்டச் செலவு? ஸ்கேனர்லயே லைட்டை அணைச்சு விட்டுடறேன். திரும்ப எரிய நாலஞ்சு நாள் ஆகும். அதுக்குள்ள கை மாத்திடுங்க!"

என்ன செய்வீர்கள்?

"சேச்சே, நான் அப்படியெல்லாம் பண்ண மாட்டேன்" என்று சொல்கிறீர்களா? சந்தோஷம். கேள்வியைக் கொஞ்சம் கடினமாக்குகிறேன். விளக்கை நீங்கள் அணைக்கவில்லை. சனிக்கிழமை ஒரு வேலையாகத் திண்டிவனம் வரை போய் வந்தீர்கள். விளக்கு தானாகவே அணைந்துவிட்டது. ஆனால், கோளாறு முழுசாகப் போய்விடவில்லை என்று உங்களுக்குத் தெரியும். வந்தவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறார். ஃபில்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. ஒரு பொய்கூடப் பேசவில்லை. கை குலுக்கி, டோக்கன் அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது.

தப்பு செய்தீர்களா, இல்லையா?

அதற்கு முன்னால், இந்த ஃபில்டர் சமாசாரம் என்னவென்று பார்த்துவிடலாம். கேள்வியின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் புது வண்டிகள் எல்லாம் பி.எஸ்.6 என்ற கடுமையான புகை விதிக்கு உட்பட்டவை. டீசல் புகையில் வரும் கரித்தூளைப் பிடித்துவைக்க, புகைக்குழாயின் வழியில் ஒரு வடிகட்டி வைத்தார்கள். பிடித்துவைத்த கரியை அவ்வப்போது அதுவே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குச் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூடு வர வேண்டுமென்றால், வண்டி நிற்காமல் ஒரு கால் மணி, இருபது நிமிஷம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும்.

நாம் எங்கே ஓட்டுகிறோம்? வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் 2 கிலோமீட்டர். அங்கிருந்து ஆபீஸ் 5 கிலோமீட்டர். அதிலும் பாதி நேரம் சிக்னலில். மலை ஏறவும் ஆறு தாண்டவும் செய்த மாதிரி விளம்பரத்தில் காட்டிய வண்டி, கறிவேப்பிலை வாங்கப் போய் வருகிறது! எரிக்க ஆரம்பிப்பதற்குள் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறோம். கரி சேர்ந்துகொண்டே போகிறது. எரிப்பதற்காகக் கூடுதலாகச் செலுத்தப்படும் டீசலில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. ஆயில் நீர்த்துப்போகிறது. ஆயிலின் அளவு குறைவதற்குப் பதில் கூடினால், சந்தோஷப்படாதீர்கள். அது நோயின் அறிகுறி.

இதுபோல இன்னும் உண்டு. சில ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இரண்டு க்ளட்ச்கள். நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் சூடேறித் தேய்கின்றன. மேலே திறக்கும் கண்ணாடிக் கூரைக்குத் தண்ணீர் வடிய மெல்லிய குழாய்கள் உண்டு. அதில் தூசியும் இலையும் அடைத்துக்கொண்டால், ஐப்பசி மழையில் கூரைத் துணி நனைந்து உள்ளே சொட்டும். சிக்னலில் தானாக அணைந்து தானாகக் கிளம்பும் வண்டிக்கு அதற்கென்றே தனி பேட்டரி. விலை சாதாரண பேட்டரியைவிட அதிகம். முன் கண்ணாடியில் கேமரா வைத்த வண்டியில் கண்ணாடி உடைந்தால், புதுக் கண்ணாடி போட்டால் மட்டும் போதாது. கேமராவைத் திரும்பவும் அளவெடுத்துச் சீர் செய்ய வேண்டும். அதற்குத் தனிக் காசு.

இவற்றில் எத்தனை, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பவருக்குத் தெரியும்? பழைய அம்பாஸடர் காலத்தில் வண்டியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடும். பானெட்டைத் திறந்தால் ஆயில் கசிவு தெரியும். ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை வரும். கியர் போட்டால் கரகரக்கும். கூட ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போனால் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். இன்றைய வண்டி வெளியே தளதளவென்று இருக்கிறது. வியாதி எல்லாம் உள்ளே. ஸ்கேனருக்கும் சர்வீஸ் பில்லுக்கும் அதை ஓட்டியவருக்கும்தான் தெரியும்.

அதாவது, கோளாறு வண்டியில் இருக்கிறது. கோளாறைப் பற்றிய அறிவு ஒரே ஓர் ஆளிடம் இருக்கிறது. அந்த ஆள் நீங்கள்!

சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டின் ஒப்பந்தச் சட்டம் 1872-ம் ஆண்டுச் சட்டம். அதன் 17-வது பிரிவு மோசடி பற்றியது. ஒரு குறையைத் தெரிந்தே செயல்பட்டு மறைத்தால் அது மோசடி. ஆகவே, மெக்கானிக் சொன்ன 'லைட்டை அணைக்கிற' வேலை சட்டத்தின் கண்ணிலேயே வில்லங்கம்தான். ஆனால், வெறுமனே வாய் மூடி இருந்தால்?

அதை விளக்க அந்தச் சட்டத்திலேயே ஒரு குதிரைக் கதை இருக்கிறது. அப்போது எஸ்.யூ.வி. கிடையாதே! ஒருவர் ஏலத்தில் ஒரு குதிரையை விற்கிறார். குதிரைக்குக் கோளாறு என்று அவருக்குத் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. இது மோசடி அல்ல என்கிறது சட்டம். அப்பாடா என்கிறீர்களா? அடுத்த வரிக்கு வாருங்கள். வாங்குகிறவர், அப்போதுதான் வயதுக்கு வந்த, அதாவது மேஜரான, அவருடைய சொந்த மகள் என்றால்? அப்போது சொல்லியே ஆக வேண்டும். அந்த உறவே அதைக் கடமையாக்குகிறது என்கிறது சட்டம். மூன்றாவதாக ஒன்று. 'நீங்கள் மறுக்கவில்லை என்றால் குதிரை நன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்வேன்' என்று வாங்குகிறவர் சொல்ல, விற்கிறவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

150 வருஷத்துக்கு மேலாக இருக்கும் சட்டம். அதே குதிரை, அதே கோளாறு, அதே மௌனம். எதிரே நிற்பது மகளா, மூன்றாம் மனிதரா என்பதில்தான் வித்தியாசம். சட்டம் அத்தோடு நிறுத்திக்கொள்கிறது. நிறுத்தித்தான் ஆக வேண்டும். எல்லா மௌனத்தையும் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுக்க முடியாது. ஆனால், மனசாட்சியும் அதே இடத்தில் நின்றுகொள்ளலாமா? இதுதான் நம் கேள்வி.

இது பழைய சண்டை. கி.மு. 44-ல் ரோமாபுரியின் சிசரோ தன் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு குருவும் சிஷ்யரும் மோதிக்கொள்கிறார்கள். குரு டயோஜெனிஸ், பாபிலோன்காரர். சிஷ்யர் ஆன்டிபேட்டர். சண்டை ஒரு வீட்டைப் பற்றியது. பார்க்க நல்ல வீடு. ஆனால் படுக்கையறைகளில் பாம்பு வருகிறது, மரமெல்லாம் உளுத்துப்போயிருக்கிறது. இது வீட்டுக்காரருக்கு மட்டுமே தெரியும். சொல்லாமல் விற்கலாமா?

குரு சொல்வது: வாங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லையே. வீடு பிரமாதம் என்று புளுகவும் இல்லை. வாங்குகிறவருக்குக் கண்ணும் புத்தியும் இருக்கிறது. தெரிந்ததையெல்லாம் சொல்லியே தீர வேண்டும் என்றால், எவரும் எதையும் விற்க முடியாது.

சிஷ்யர் விடவில்லை. வழி தெரியாமல் தவிக்கிறவருக்கு வழி காட்டாமல் இருப்பதே தப்பு. இதுவோ தெரிந்தே ஒருவரைக் குழியில் விழ விடுவது. இது அதைவிட மோசம் என்கிறார்.

தீர்ப்பு சொன்ன சிசரோ சிஷ்யர் பக்கம் சாய்ந்தார். அவர் பிரித்துக் காட்டிய விதம்தான் முக்கியம். ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதெல்லாம் மறைப்பது ஆகாது. அடுத்தவருக்குத் தெரிந்தால் அவருக்கு நல்லது என்ற ஒரு விஷயத்தை, உங்கள் லாபத்துக்காக அவருக்குத் தெரியக் கூடாது என்று நீங்கள் நினைத்தால், அதுதான் மறைப்பு.

இதை நம் வண்டிக்குப் பொருத்திப் பார்ப்பது சுலபம். வாங்க வருகிறவர், "என் ஃப்ரெண்ட் ஒருத்தர் ஸ்கேனர் வெச்சிருக்கார், ஒரு தடவை மாட்டிப் பார்த்துக்கலாமா?" என்று கேட்கிறார். உங்களுக்குள் 'தாராளமா' என்று வருகிறதா, அல்லது வயிற்றில் ஒரு சின்ன பகீர் வருகிறதா? பகீர் வந்தால் நீங்கள் பேசாமல் இருக்கவில்லை, மறைக்கிறீர்கள். நாக்கு சொல்லாத பொய்யை வயிறு சொல்லிவிடுகிறது.

இப்போது நீங்கள் ஒரு நியாயம் சொல்வீர்கள். எனக்குத் தெரியும். "எனக்கு மட்டும் யார் சார் பாவம் பார்த்தாங்க?"

நியாயமான கோபம்தான். வண்டி வைத்திருப்பதன் உண்மையான செலவை எந்த ஷோரூமிலும் பலகையில் எழுதிவைப்பதில்லை. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான புதுக் காருக்குச் சாலை வரி மட்டும் 18 சதவிகிதம். 15 லட்ச ரூபாய் வண்டி என்றால் 2,70,000 ரூபாய். அதற்கு முன்னால் வாங்கியவர் கொஞ்சம் குறைவாகக் கட்டியிருப்பார், அவ்வளவுதான். விற்கும்போது அதைத் தனியாக எடுத்துவைத்து யாரும் தருவதில்லை. வருஷா வருஷம் இன்ஷூரன்ஸ், கடனுக்கு வட்டி, பெரிய சக்கரத்துக்குப் பெரிய விலையில் டயர். போதாக்குறைக்கு, 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. மாறியது. பெரிய எஸ்.யூ.வி.க்குக் கூடுதல் வரியோடு சேர்த்து 50 சதவிகிதம் வரை இருந்தது 40 ஆனது. புது வண்டி விலை இறங்கியதால், முந்தின மாதம் அதிக வரி கட்டி வாங்கியவரின் வண்டிக்கும் மவுசு குறைந்தது. அவர் செய்த தப்பு என்ன? ஒன்றும் இல்லை.

இப்படி நாலு பக்கமும் அடி வாங்கிய மனசு என்ன சொல்லும்? 'நான் பட்ட நஷ்டத்தை யார் தலையிலாவது கட்டினால்தான் கணக்கு நேராகும்' என்று சொல்லும்.

கிழிந்த பத்து ரூபாய் நோட்டு கைக்கு வந்தால் என்ன செய்கிறோம்? நல்ல நோட்டுகளுக்கு நடுவில் மடித்துவைத்து, கூட்டமான பஸ்ஸில் கண்டக்டரிடம் தள்ளப் பார்க்கிறோம். "என்கிட்டயும் எவனோ தள்ளினதுதானே!" தள்ளியவர் யாரோ. தள்ளப்படுகிறவர் வேறு யாரோ. முதலாமவர் மீதுள்ள கோபத்தை இரண்டாமவரிடம் தீர்த்துக்கொள்வதற்கு நியாயம் என்று பெயர் வைக்க முடியுமா?

வண்டி விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நஷ்டம் எந்தப் பக்கம் உருளுகிறது என்று பாருங்கள். புது வண்டி வாங்கியவர் விற்கிறார். புது வண்டி வாங்க வசதி இல்லாதவர்தான் பெரும்பாலும் பழைய வண்டி தேடி வருகிறார். சீட்டு எடுத்த பணமோ, வீட்டு நகையை வைத்த பணமோ, ஐந்து வருஷத் தவணையோ. உங்களால் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க முடிகிற லட்ச ரூபாய், அவருக்கு ஒரு வருஷத்துப் பள்ளிக்கூடக் கட்டணமாக இருக்கலாம். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நஷ்டத்தை உருட்டிவிடுகிறோம்.

"சார், செகண்ட் ஹேண்ட் வண்டின்னாலே ரெண்டு கோளாறு இருக்கும்னு வாங்கறவனுக்கும் தெரியும். அதனாலதானே அடிச்சுப் பேரம் பேசறான்? விலையிலயே அது கழிஞ்சு போச்சு!"

இது கொஞ்சம் கெட்டிக்காரத்தனமான வாதம். பதில் சொல்ல வேண்டியதுதான். விலையில் ஏற்கெனவே கழிந்திருந்தால், ஃபில்டர் அடைப்பைச் சொல்வதால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது. சொன்னால் 70,000 குறையும் என்று பயப்படுகிறீர்களே, அந்த 70,000 இன்னும் கழியவில்லை என்றுதானே அர்த்தம்? அவர் தெரியாத கோளாறுகளுக்காகப் பொதுவாகக் கொஞ்சம் குறைத்துக் கேட்டார். உங்கள் கோளாறு, உங்களுக்குத் தெரிந்த கோளாறு.

இந்த மௌனத்தின் விலையை நல்லவர்களும் சேர்த்துக் கட்டுகிறார்கள். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் இதைத்தான் ஒரு கட்டுரையாக எழுதினார். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது பழைய கார் சந்தையை! எது நல்ல வண்டி, எது ஓட்டை வண்டி என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் எல்லா வண்டிக்கும் நடுத்தர விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க மாட்டார், விலகிக்கொள்வார். மிஞ்சுவது ஓட்டை வண்டிகள். அது தெரிந்ததும் விலை இன்னும் இறங்கும். இன்னும் சில நல்ல வண்டிகள் விலகும். முதலில் சில பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய கட்டுரை அது. 2001-ல் மற்ற இருவரோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒழுங்காகப் பராமரித்த வண்டிக்கும் உரிய விலை கிடைக்காமல் புலம்புகிறோமே, அதற்குக் காரணம் நமக்கு முன்னால் வாய் மூடி விற்றவர்கள்.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் சொல்லித் தொலைக்க வேண்டுமா? பம்பரில் பையன் சைக்கிளால் இடித்த கீறல் முதற்கொண்டா?

தேவையில்லை. குருவின் வாதத்தில் உள்ள நியாயம் இங்கே செல்லும். வாங்குகிறவர் கண்ணால் பார்க்கக்கூடிய கீறல், தேய்ந்த டயர், கிழிந்த சீட் ஆகியவற்றை அவர் பார்த்துக்கொள்வார். உங்களுக்கே தெரியாத கோளாறுக்கும் நீங்கள் பொறுப்பல்ல. நடுவில் ஒன்று இருக்கிறது: உங்களுக்குத் தெரியும், அவரால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, தெரிந்தால் அவர் விலையையோ முடிவையோ மாற்றிக்கொள்வார். இந்த மூன்றும் சேர்ந்தால் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் சம்பந்தப்பட்டது என்றால் பேச்சுக்கே இடமில்லை. அது பணக் கணக்கு அல்ல, உயிர்க் கணக்கு.

"எக்ஸ்சேஞ்சில் டீலரிடம் தள்ளிவிட்டால்?" டீலரிடம் ஸ்கேனர் இருக்கிறது, ஆள் இருக்கிறது. அவர் அப்பாவி அல்ல, வாஸ்தவம். ஆனால் வண்டி அவரோடு நிற்கப் போவதில்லை. சர்வீஸ் பில் ஃபைலை முழுசாகக் கொடுங்கள். நடுவில் இரண்டு தாளைக் கழற்றி எடுக்காதீர்கள்.

'உண்மையைச் சொன்னால் நல்ல விலையும் தானாக வரும்' என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். வராமலும் போகலாம். சொன்னதைக் கேட்டுவிட்டு, "யோசிச்சு சொல்றேன்" என்று போகிறவர் திரும்பாமல் போகலாம். பக்கத்துத் தெருவில் வாய் மூடியவரின் வண்டி உங்கள் கண் முன்னாலேயே கூடுதல் விலைக்குப் போகலாம். நேர்மை லாபமானது என்பதால் நேர்மையாக இருக்கிறவர், லாபம் நின்ற அன்றைக்கு அதையும் நிறுத்திவிடுவார். நஷ்டம் வரும் என்று தெரிந்தே சொல்கிறோம் என்றால்தான், சொன்னதற்கு ஒரு அர்த்தம்.

ஆனால், நஷ்டத்தைப் பயந்த அளவுக்கு வளர விட வேண்டியதும் இல்லை. ஃபில்டர் விளக்கு எரிந்தாலே லட்ச ரூபாய் போச்சு என்று அர்த்தமல்ல. பல நேரம், நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட ஓட்டத்திலேயே கரி எரிந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால், ஒர்க் ஷாப்பில் கணினியை இணைத்துக் கட்டாயமாக எரிக்க வைப்பார்கள். அதற்கும் மிஞ்சினால்தான் கழற்றிச் சுத்தம் செய்வதும் மாற்றுவதும். எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து, எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்கி, அந்தத் தாளை வாங்குகிறவர் கையில் கொடுத்துவிட்டுப் பேரத்தை ஆரம்பியுங்கள். பாதிப் பாதி என்று முடிந்தாலும் சரி, முழுசாகக் கழித்துக்கொண்டாலும் சரி. இரண்டு பேரும் ஒரே வண்டியைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

அந்த 1872-ம் வருஷச் சட்டம் மகளுக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயம் என்று வைத்தது. சட்டத்தால் அவ்வளவுதான் கேட்க முடியும். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நடந்துகொள்ள நமக்கு யார் தடை? பிறர் பொருளையும் தம்முடையது போல நினைத்து நடப்பதே நல்ல வாணிகம் என்று வள்ளுவர் சொன்னது கடைக்காரர்களுக்கு மட்டும் அல்ல. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வண்டி விற்கிற நாமும் அன்றைக்கு ஒரு வியாபாரிதான்.

கிழிந்த நோட்டை யாருடைய கையிலாவது இருட்டில் திணிக்க வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றும் இல்லை. வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். எவ்வளவு கிழிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து முழுப் பணமும் கிடைக்கலாம், ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஆனால், அந்த நோட்டின் பயணம் உங்களோடு முடிந்துவிடும். அடுத்த பஸ்ஸில் யாருக்கும் சண்டை வராது.